‘கவனமா இருந்திருக்கணும்’ என்பது பிரேக் இல்லை

மாடல் ரயில் ஓட்டுறவங்க மத்தியில ஒரு பழைய பெருமை உண்டு. எஞ்சினை ஷெட்டுக்குள்ள கொண்டுபோய், பின்சுவருக்கு ஒரு விரல்கடை இடைவெளி விட்டு, கண்ணையும் கைப்பழக்கத்தையும் மட்டும் நம்பி நிறுத்துவது. அப்படி நிறுத்தத் தெரிஞ்சவன்தான் ஓட்டுநர். தண்டவாளமே எஞ்சினை நிறுத்துற மாதிரி ஒரு ஏற்பாடு செய்தால், “அது சோம்பேறி வேலை, கை வராதவனுக்குத்தான் அதெல்லாம்” என்று சிரிப்பாங்க.

இந்தப் பெருமை பொய் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பொய் மட்டுமில்லை, நம்மைப் போன்றவர்களுக்கு ஆபத்தான பொய். ஒரு விளையாட்டுக் கோச்சிக்கு ஏன் இவ்வளவு சூடு என்று கேட்கலாம். இதே பேச்சைத்தான் நம்ம தோட்டத்து ஃபெக்டரியிலும், மலைப்பாதை பஸ்ஸிலும், லயத்து வாசலிலும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டு வருகிறோம். ஏதாவது நடந்துவிட்டால் முதலில் வருகிற வசனம் ஒன்றே ஒன்றுதான்: “கவனமா இருந்திருக்கணும்.” யார்? எப்போதும் கீழே நிற்கிறவன்தான்.

முதலில் ஷெட்டையே பார்ப்போம்.

ஷெட்டுக்குள்ளே என்ன பிரச்சினை

மேசை மேல் போடுகிற மாடல் பாதையில் எஞ்சின் வெளியே ஓடும்வரை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வளைவு தெரியும், வேகம் தெரியும், முன்னால் நிற்கிற பெட்டி தெரியும். ஷெட்டுக்குள் போன அந்த நிமிடம் முதல் ஒன்றும் தெரியாது. கூரை மறைக்கும். உள்ளே இருட்டு. பின்சுவர் எங்கே, ஏற்கெனவே நிற்கிற எஞ்சின் எங்கே என்பது ஊகம்தான். கட்டுப்பாட்டுப் பெட்டி மேசையின் மறுபக்கம் இருந்தால் அதுவும் போச்சு.

அதாவது மிகச் சரியாக நிறுத்தவேண்டிய இடமும், எதுவுமே தெரியாத இடமும் ஒன்றுதான். இப்படி ஒரு இடத்தை உண்டாக்கி வைத்துவிட்டு, அங்கே போய் ஓட்டுகிறவனின் கண்ணை நம்புவது திறமைக்கு வைக்கிற சோதனை இல்லை. அமைப்பில் இருக்கிற ஓட்டையை ஆளின் தலையில் கட்டுகிற வேலை.

ஊவாவில் ஒரு பாடசாலைக் கண்காட்சியில் நான் பார்த்தது இது. எந்தப் பாடசாலை என்பது வேண்டாம். பதினோராம் ஆண்டுப் பையன் ஒருத்தன் ரெஜிபோமில் தெமோதரை வளையத்தைச் செய்திருந்தான். ஸ்டேஷன் மேலே, சுரங்கம் அதற்கு நேர் கீழே, பாதை ஒரு சுற்று சுற்றி வந்து தன் வயிற்றுக்கடியிலேயே நுழைந்து போகிறது. அசல் போலவே இருந்தது. கடைசியில் பதுளை என்று எழுதி ஒரு ஷெட். நடுவர்கள் வந்து நின்றதும் எஞ்சினை ஓட்டினான். எல்லாம் நல்லாத்தான் போனது. ஷெட்டுக்குள் போன எஞ்சின் மட்டும் நிற்கவில்லை. பின்சுவரைத் தள்ளிக்கொண்டு மேசையிலிருந்து கீழே விழுந்தது.

“தம்பி, கொஞ்சம் கவனமா ஓட்டியிருக்கணும்” என்றார் நடுவர். சுற்றி நின்ற எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பையன் மெதுவாக ஒன்று கேட்டான்: “சேர், உள்ளுக்குப் போனா பார்க்க ஏலாது தானே?” அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. புள்ளித்தாளில் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை. மாடலின் அழகுக்குப் புள்ளி, விளக்கத்துக்குப் புள்ளி, ஓட்டத்துக்குப் புள்ளி. தவறினால் என்ன ஆகும் என்று யோசித்ததற்கு ஒரு புள்ளியும் கிடையாது.

அவன் கேட்டதுதான் அன்று அந்த மண்டபத்தில் கேட்கப்பட்ட ஒரே எஞ்சினியரிங் கேள்வி. இத்தனைக்கும் பதில் ஒரு பிளேன்டி காசுக்குள் அடங்கும்.

ஒரு டயோட், ஒரு வெட்டு

சாதாரண மாடல் ரயில் 12 வோல்ட் டி.சி. மின்சாரத்தில் ஓடுகிறது. இரண்டு தண்டவாளம்தான் இரண்டு வயர். சக்கரம் வழியாக மின்சாரம் மோட்டாருக்குப் போகிறது. எந்தத் தண்டவாளம் பாசிட்டிவ் என்பதைப் பொறுத்து எஞ்சின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். பொது வழக்கு என்னவென்றால், எஞ்சின் போகிற திசையைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கத் தண்டவாளம் பாசிட்டிவ்.

இப்போது ஷெட்டுக்குள் அந்த வலப்பக்கத் தண்டவாளத்தில் மட்டும் ஒரு சின்ன வெட்டுப் போடுங்க. வெட்டின இடத்தில் இரும்பு இணைப்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் இணைப்பு. வெட்டுக்கு அப்பால் உள்ள துண்டுக்கு மின்சாரம் போகாது. எஞ்சின் அந்தத் துண்டுக்குள் நுழைந்ததும் செத்துப்போய் நிற்கும். நீங்க மேசைக்கு மறுபக்கம் நின்றாலும் சரி, டீ குடிக்கப் போயிருந்தாலும் சரி, கைப்பிடி முழு வேகத்தில் கிடந்தாலும் சரி, அது நிற்கும்.

ஆனால் பிறகு எப்படி வெளியே எடுப்பது? அங்கேதான் டயோட் வருகிறது. டயோட் என்பது மின்சாரத்துக்கு ஒருவழிக் கதவு. 1என்4001 என்று கேட்டால் ரேடியோ திருத்துகிற எந்தக் கடையிலும் தருவாங்க. அது 1 ஆம்பியர் தாங்கும். பெரிய எஞ்சின் என்றால் 3 ஆம்பியர் தாங்குகிற 1என்5401 வாங்குங்க. வெள்ளைக்கோடு இருக்கிற முனையை வாசல் பக்கத் தண்டவாளத்திலும், கோடு இல்லாத முனையை உள்துண்டிலும் வைத்துச் சொல்டர் பண்ணுங்க. உள்ளே வரும்போது கதவு பூட்டு. திசையை மாற்றினால் கதவு திறந்துவிடும், எஞ்சின் தானாக வெளியே வரும். போகிற வழியில் முக்கால் வோல்ட் போல அந்த டயோட் தின்னும், அவ்வளவுதான். எஞ்சின் மூக்கை முன்னுக்கு வைத்து வந்தாலும் வாலை முன்னுக்கு வைத்து வந்தாலும் இது வேலை செய்யும். டி.சி. பாதையில் திசையைத் தீர்மானிப்பது தண்டவாளம், எஞ்சினின் முகம் இல்லை.

செத்த துண்டு எவ்வளவு நீளம் இருக்கணும்? இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுவது. எஞ்சினின் எல்லாச் சக்கரமும் மின்சாரம் எடுக்கும் என்றால், முன்சக்கரம் வெட்டைத் தாண்டினதும் அது நிற்காது. கடைசிச் சக்கரமும் தாண்டினால்தான் மின்சாரம் அறும். அதற்குப் பிறகும் உந்தில் கொஞ்சம் ஓடும். உள்ளே கனச்சக்கரம் வைத்த எஞ்சின் என்றால் இன்னும் ஓடும். ஆகவே நீங்க ஓட்டுகிற ஆகக்கூடிய வேகத்தில் எஞ்சினை விட்டு, மின்சாரம் அறுந்த பிறகு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று மூன்று தரம் அளந்து, கூடின அளவை எடுங்க. அதோடு எஞ்சினின் நீளம். அதற்கு மேல் பாதுகாப்புக்காக இன்னும் ஒரு பங்கு. அளக்காமல் கண்மதிப்பில் வெட்டினால், டயோட் போட்டும் சுவர் விழும்.

இன்னும் ஒன்று. டயோடும் பழுதாகும். பழுதாகி இரண்டு பக்கமும் மின்சாரம் விட ஆரம்பித்தால் எஞ்சின் நிற்காது. அதனால் செத்த துண்டின் முடிவில் ஒரு முட்டுக்கட்டை, அதன் முகத்தில் ஒரு துண்டு ஸ்பொன்ஞ். ஷெட்டின் தளம் மட்டமாக இருக்கணும். எஞ்சினைப் பெரும்பாலும் அதன் புழுப்பல்சக்கரம் உருள விடாது. ஆனால் கூட வருகிற பெட்டிகளுக்கு அப்படி ஒன்றும் இல்லை. சரிவில் விட்டால் உருளும்.

டிஜிட்டல் முறையான டி.சி.சி.யில் ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஒற்றை டயோட் கணக்குச் சரிவராது. அங்கே தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும், திசை மாறுவது எஞ்சினுக்குள். அதற்கு டயோட் வரிசையால் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே ஒரு சமமின்மையை உண்டாக்கி, எஞ்சினுக்குள் இருக்கிற டிகோடருக்கு ‘பிரேக் போடு’ என்று சொல்கிற முறை இருக்கிறது. டிகோடர் அதைப் புரிந்துகொள்கிற வகையாக இருக்கணும். வழி வேறாக இருந்தாலும் எண்ணம் அதேதான்: நிறுத்துகிற பொறுப்பைப் பாதைக்குக் கொடு.

எதிர்ப்பேச்சுகள்

“டக்கென்று நின்றால் அழகாக இல்லை” என்பாங்க. உண்மை. வேகமாக வந்து செத்த துண்டில் விழுகிற எஞ்சின் குலுங்கி நிற்கும், பல்சக்கரத்துக்கும் நல்லதில்லை. அதற்கும் வழி இருக்கு. செத்த துண்டுக்கு முன்னால் இன்னொரு துண்டை வெட்டி, உள்ளே போகிற திசையில் மின்சாரம் விடுகிற மாதிரி மூன்று நான்கு டயோடை வரிசையாகவும், வெளியே வருவதற்கு ஒன்றை எதிர்த்திசையிலும் மாட்டுங்க. ஒவ்வொன்றும் முக்கால் வோல்ட் போல விழுங்கும். எஞ்சின் முதலில் தளரும், பிறகு நிற்கும். ஆக, அழகு என்கிற சாட்டும் நிற்காது.

“இப்படி எல்லாத்தையும் பாதையே செய்தால் ஓட்டுறவனுக்குக் கவனம் மழுங்கிப் போகும்” என்பது இரண்டாவது. இதைக் கொஞ்சம் மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன். பொறியை மட்டும் நம்பிக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதும் கெடுதல்தான். ஆனால் கவனம் மழுங்கக் கூடாது என்பதற்காகச் சுவரை உடைக்க விட்டுவைப்பது என்ன முறை? பிள்ளை கவனமாக நடக்கப் பழகணும் என்று கிணற்றுக்குக் கட்டுச்சுவர் வைக்காமல் விடுவோமா? கட்டுச்சுவர் வைத்த கிணற்றிலும் நம்ம அம்மாக்கள் “அங்கிட்டுப் போகாதடா” என்றுதான் சொல்றாங்க. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். எது முதலில் என்பதுதான் கேள்வி.

தொழில் பாதுகாப்புப் படிக்கிறவர்களுக்கு முதல் பாடமே இந்த வரிசைதான். ஆபத்தையே இல்லாமல் செய். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த ஒன்றை மாற்றிவை. அதுவும் முடியாவிட்டால் ஆளுக்கும் ஆபத்துக்கும் நடுவே தடுப்பு வை. அதற்கும் பிறகுதான் விதிமுறை, எச்சரிக்கைப் பலகை, பயிற்சி. ஆகக் கடைசியில்தான் கையுறையும் முகமூடியும். நம்ம ஊரில் இந்த ஏணி தலைகீழாக நிற்கிறது. பலகையில் ஆரம்பித்து, பலகையிலேயே முடிந்துவிடுகிறது.

அசல் ரயில் கற்ற பாடம்

அசல் ரயிலும் ஒரு காலத்தில் கையையும் கண்ணையும்தான் நம்பியது. அது எப்படி மாறியது என்பது சவக்குழிகளின் கணக்கு.

1889 ஜூன் 12, அயர்லாந்தின் ஆர்மா. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை உல்லாசப் பயணம் ஏற்றிப்போன ரயில் ஏற்றத்தில் திணறி நின்றது. பின்பக்கப் பெட்டிகளைக் கழற்றிவிட்டு மீதியை மேலே கொண்டுபோக முயன்றார்கள். கழற்றியதும் பின்பகுதிக்கு எஞ்சினின் பிரேக் அற்றுப்போனது. ஒரு கார்ட் பெட்டியின் கைப்பிரேக்கும், சக்கரத்துக்கு அடியில் வைத்த சில கற்களும்தான் மிச்சம். பெட்டிகள் பின்னால் உருண்டு அடுத்து வந்த ரயிலில் மோதின. ஏறத்தாழ 80 உயிர். அதே ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டது: பயணிகள் ரயிலில் தானாகப் பிடிக்கிற தொடர் பிரேக் கட்டாயம். அதாவது இணைப்பு அறுந்தால் பிரேக் விடக்கூடாது, பிடிக்கணும்.

1895 அக்டோபர் 22, பாரிஸ் மொன்பர்னாஸ் நிலையம். தாமதத்தைச் சரிக்கட்ட வேகமாக வந்த ரயில் பிரேக் பிடிக்காமல், முட்டுக்கட்டையை உடைத்து, மண்டபத்தைக் கடந்து, சுவரைத் துளைத்துக் கீழே தெருவில் மூக்குக் குத்தி நின்றது. அந்தப் படத்தை நீங்க எல்லாரும் எங்காவது பார்த்திருப்பீங்க, மீமாகக்கூட. படத்தில் தெரியாத ஒன்று இருக்கு. கீழே தெருவில் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் செத்துப்போனார். ஓட்டுநருக்கு 50 பிராங்க் தண்டம், இன்னொரு ஊழியருக்கு 25.

1975 பெப்ரவரி 28, லண்டன் மூர்கேட். நிலத்தடி ரயில் ஒன்று கடைசி நிலையத்தில் நிற்காமல், அதற்கப்பால் இருந்த முட்டுச் சுரங்கத்தில் முழுவேகத்தில் போய் மோதியது. ஓட்டுநரோடு 43 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் ஏன் நிறுத்தவில்லை என்பது இன்றுவரை தீராத கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கட்டும் என்று லண்டன் காத்திருக்கவில்லை. முட்டு முடிவுள்ள நிலையங்களில், வேகமாக நுழைகிற ரயிலைப் பாதையே பிடித்து நிறுத்துகிற அமைப்பை வைத்தார்கள். அங்கே வேகம் கூட்ட முடியாதபடி மின்வழியில் தடையிகளையும் மாட்டினார்கள்.

இப்போது நம்ம ஷெட்டைத் திரும்பப் பாருங்க. முதலில் மின்சாரத்தைக் குறைக்கிற துண்டு, பிறகு நிறுத்துகிற துண்டு. 43 உயிர் போன பிறகு லண்டன் செய்ததும், ஒரு மேசை மேல் சில டயோடால் நீங்க செய்வதும் ஒரே எண்ணம். இதையா சோம்பேறி வேலை என்கிறீங்க?

நம்ம பாதையையே எடுத்துக்கொள்ளுங்க. கொழும்பிலிருந்து பதுளை சுமார் 290 கிலோமீட்டர். பட்டிப்பொளையில் 1,890 மீட்டர் உயரம் வரை ஏறி, பிறகு பண்டாரவளை, எல்ல, தெமோதரை என்று இறங்கி, 650 மீட்டர் போல இருக்கிற பதுளைக்கு வருகிறது. 1924இல் பாதை பதுளை வந்து சேர்ந்தது. அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. இவ்வளவு இறக்கத்தில் நூறு வருடமாகக் கோச்சி ஓடுகிறது என்றால், அது ஓட்டுநர்களின் திறமையால் மட்டுமில்லை. வெக்கும் பிரேக்கின் சூத்திரமே அதுதான்: குழாயில் வெற்றிடம் இருக்கும்வரைதான் பிரேக் விட்டிருக்கும். குழாய் உடைந்தாலும், பெட்டி கழன்றாலும், காற்று உள்ளே புகுந்து பிரேக் தானாகப் பிடிக்கும். ஒற்றைப் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு ரயில் வராமல் காப்பதும் யாருடைய ஞாபகமும் இல்லை, டெப்லட் முறை. இரண்டு ஸ்டேஷனிலும் உள்ள பெட்டிகள் ஒன்றோடொன்று மின்சாரத்தால் பூட்டப்பட்டவை. ஒரு நேரத்தில் ஒரு டெப்லட்தான் வெளியே வரும். அது கையில் இல்லாமல் ஓட்டுநர் அந்தப் பகுதிக்குள் போகக்கூடாது. ஸ்டேஷன் மாஸ்டர் நல்லவரா, தூங்கி விழுகிறவரா என்பதைப் பெட்டி கேட்காது.

ஒன்பது வளைவுப் பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கிற ஆயிரம் பேரில், கோச்சி எப்படி நிற்கிறது என்று கேட்கிறவர் எத்தனை பேர்? பாலம் அழகுதான், நானும் பார்ப்பேன். ஆனால் அந்தப் பாதையின் உண்மையான அறிவு கண்ணுக்குத் தெரியாத இந்தப் பூட்டிலும் குழாயிலும் இருக்கிறது. தேயிலைப் பெட்டி பத்திரமாகக் கொழும்புக்குப் போய்ச் சேரணும் என்று வெள்ளைக்காரன் அவ்வளவு யோசித்தான். அந்தத் தேயிலையைப் பறித்தவர்களுக்காக யார் யோசித்தது?

தண்டவாளத்துக்கு வெளியே

2014 அக்டோபர் 29, காலை. கொஸ்லந்தை, மீரியபெத்தை தோட்டம். மலை சரிந்து லயங்களை மூடியது. வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து பார்க்க வீடும் இல்லை, வாசலும் இல்லை. பலருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. அது ஆபத்தான இடம் என்று 2005இலும் 2011இலுமே எச்சரிக்கப்பட்டிருந்தது. சரிவு நடந்த பிறகு ஒரு பேச்சு கிளம்பியது: “எழும்பச் சொன்னோம்தானே, அவங்க போகல.”

எங்கே போவது? லயம் நின்ற நிலம் அவர்களுடையது இல்லை. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது, நிலம் மட்டும் தொழிலாளிக்கு வரவில்லை. பெரட்டுக்குப் போகாவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் காசு இல்லை. இன்னொரு இடமும் கொடுக்காமல், போவதற்கு வழியும் காட்டாமல், ‘எச்சரித்தோம்’ என்பது என்ன? பிரேக் இல்லாத எஞ்சினுக்குச் சிவப்பு விளக்கு காட்டுகிற வேலை. விளக்கு எரிந்தது உண்மைதான். எஞ்சின் நிற்பதற்கு என்ன வைத்திருந்தீங்க?

2021 மார்ச் 20, பசறை–லுணுகலை வீதி, 13ஆம் கட்டை. பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அந்த இடத்தில் ஒரு பாறை விழுந்து கிடந்து பாதையை ஒடுக்கியிருந்தது. எதிரில் ஒரு டிப்பர். எல்லாரும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ட்ரைவர் எந்த நொடியில் பிழை விட்டார் என்று ஆராய்ந்தோம். ட்ரைவரை விசாரிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாறையையும் விசாரியுங்கள் என்கிறேன். அது ஏன் அங்கே கிடந்தது, பள்ளத்துப் பக்கம் ஒரு பஸ்ஸைத் தாங்குகிற தடுப்பு ஏன் இல்லை என்று கேளுங்கள் என்கிறேன். ட்ரைவரை மாற்றினால் ஒரு பஸ் பாதுகாப்பாகும். தடுப்பை வைத்தால் அந்த வழியால் போகிற எல்லா பஸ்ஸுக்கும் பாதுகாப்பு.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை வந்தபோது பதுளை மாவட்டத்தில் மறுபடி மலை சரிந்தது, மறுபடி உயிர்கள் போயின. மலையக ரயில் பாதையும் பல இடத்தில் உடைந்தது. பாதையைத் திருத்தணும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. திருத்துகிறபோது “தண்டவாளம் கவனமா இருந்திருக்கணும்” என்று யாரும் சொல்ல மாட்டாங்க. மண்ணைப் பார்ப்பாங்க, சரிவைப் பார்ப்பாங்க, வடிகாலைப் பார்ப்பாங்க. தண்டவாளத்துக்குக் கிடைக்கிற இந்த நியாயம் லயத்துக்கும் கிடைக்கணும். இதுதான் என் வாதம், இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

ஃபெக்டரியில் ரோலரிலோ பெல்ட்டிலோ கை போனால், மருந்தடிக்கப் போனவர் மயங்கி விழுந்தால், கொழுந்து ஏற்றின லொறியில் தொங்கிப் போனவர் விழுந்தால், நம்ம வீட்டுப் பெரியவர்களே “அவன் கொஞ்சம் பார்த்து நடந்திருக்கணும்” என்று சொல்றாங்க. அவங்களைக் குறை சொல்லவில்லை. தொரையும் கணக்குப்பிள்ளையும் கங்காணியும் சொல்லிச் சொல்லி, அது நம்ம வாய்க்கும் வந்துவிட்டது. அடிபட்டவனே தன்னைக் குற்றவாளியாக நினைக்கப் பழகிவிட்டான். முதலாளிக்கு இதைவிட மலிவான காப்புறுதி கிடையாது.

என்ன செய்யலாம்

பெரிசாக ஒன்றும் கேட்கவில்லை.

பாடசாலைக் கண்காட்சியில் நடுவராக இருக்கிற சேர், டீச்சர்மாருக்கு: புள்ளித்தாளில் ஒரு வரி கூட்டுங்க. ‘தவறு நடந்தால் இந்த மாடல் என்ன செய்யும்?’ பிள்ளை அதை யோசித்திருந்தால் புள்ளி கொடுங்க. யோசிக்காவிட்டால் திட்டாமல், யோசிக்கச் சொல்லிக் கொடுங்க. விழுந்த எஞ்சினைக் காட்டி “கவனம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீங்க. அன்றைக்குப் பிள்ளை கற்றுக்கொள்வது ரயிலைப் பற்றி இல்லை, பழி எப்போதும் தன் மேல்தான் விழும் என்பதை.

மாடல் செய்கிற தம்பி தங்கைகளுக்கு: நம்ம அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 1:87 என்கிற எச்.ஓ. அளவில் அது 19 மில்லிமீட்டர் வரணும், கடையில் விற்கிற தண்டவாளம் 16.5தான். அதனால் உங்க கோச்சி எப்படியும் கொஞ்சம் ஒல்லியாகத்தான் இருக்கும், பரவாயில்லை. ஷெட்டில் மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க. வெட்டுங்க, டயோட் மாட்டுங்க, அளந்து பாருங்க, பின்னால் ஸ்பொன்ஞ் வையுங்க. பிறகு ஒரு சின்னப்பிள்ளையின் கையில் கைப்பிடியைக் கொடுத்து, “எவ்வளவு வேகமா வேணும்னாலும் ஓட்டு” என்று விடுங்க. அந்தப் பிள்ளையால் உடைக்க முடியாவிட்டால்தான் உங்க ஷெட் பாஸ். கைதேர்ந்தவன் ஓட்டும்போது உடையாமல் இருப்பது ஒரு சோதனையே இல்லை.

மற்ற எல்லாருக்கும்: அடுத்த தடவை ஒரு விபத்துச் செய்திக்குக் கீழே “கவனமா இருந்திருக்கணும்” என்று டைப் பண்ணப் போகும்போது கையை ஒரு நிமிடம் நிறுத்துங்க. மனுஷனுக்குத் தூக்கம் வரும், பசி வரும், வீட்டு யோசனை வரும், இருட்டில் கண் தெரியாது. அவன் தவறுவான் என்பது எல்லாருக்கும் முன்கூட்டியே தெரிந்த விஷயம். தெரிந்துகொண்டே ஒன்றும் வைக்காதவர்கள்தான் முதலில் பதில் சொல்லணும். தோட்டக் கூட்டத்தில், தொழிற்சங்கக் கூட்டத்தில், பிரதேச சபையில், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் இந்த ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேளுங்க: அவன் தவறினால் நிறுத்துவதற்கு நீங்க என்ன வைத்திருந்தீங்க?